குறையும் குறைபாடும்: ஒரு மாத்திரைப் புட்டியை வாசித்தல்

அம்மாவின் சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புட்டி இருக்கிறது. அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. காலையில் குளித்து, விளக்கேற்றி, அதிலிருந்து ஒரு மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அம்மா அடுப்படிக்குப் போகிறாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது புட்டியை என்னிடம் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு பாப்பா" என்றாள்.

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் கதைகளையும் கவிதைகளையும் வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்டு வாசியுங்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன். அந்தக் கேள்விகளை இந்தப் புட்டியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைவிட, அண்ணனிடம் "அம்மாவுக்கு எலும்புக்கு ஏதாவது வாங்கிட்டு வா" என்று தொலைபேசியில் சொன்னவளே நான்தான். ஆகவே இந்த விமர்சனம் என்னிடமிருந்தே தொடங்குகிறது.

புட்டியின் முகப்பில் நரைத்த தலையுடன் ஒரு பெண் சிரித்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். எலும்பு, மூட்டு, மூளை மூன்றுக்குமான நுண் தாதுக்கள், நாற்பதைக் கடந்த பெண்களுக்காக என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் பட்டியல்: துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, செலினியம், போரான், குரோமியம். நுண் தாது என்றால் உடலுக்கு மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவில் மட்டும் தேவைப்படுவது. இவற்றில் பலவற்றுக்கு உடலில் வேலை இருக்கிறது என்பதில் பொய் இல்லை. எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைய, தாமிரம் கலந்த ஒரு நொதி வேண்டும். துத்தநாகம் இல்லாமல் குழந்தைகள் வளரமாட்டார்கள்.

ஆனால் 'தேவை' என்ற உண்மையிலிருந்து 'கூடுதலாகத் தின்றால் கூடுதல் நன்மை' என்ற முடிவுக்குப் புட்டி ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. சமைக்கிற எந்தப் பெண்ணும் இந்தத் தாவலை ஒப்புக்கொள்ளமாட்டாள். உப்பில்லாமல் குழம்பில்லை, அதற்காக இரண்டு பங்கு உப்புப் போட்டால் இரண்டு பங்கு ருசி வந்துவிடாது. நுண் தாதுக்களும் அப்படித்தான். துத்தநாகத்தை அளவுக்கு மிஞ்சி நெடுநாள் சாப்பிட்டால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது தடைபடும். அதனால் இரத்தசோகையும் நரம்புச் சேதமும் வந்தவர்கள் உண்டு.

அடுத்து வினைச்சொற்களைக் கவனித்தேன். 'குணப்படுத்தும்' என்ற சொல் எங்குமே இல்லை. துணைபுரிகிறது, பேணுகிறது, ஆதரிக்கிறது என்றுதான் இருக்கிறது. இந்தப் பணிவுக்குக் காரணம் ஒரு சட்டம். 1994-இல் அமெரிக்கா இயற்றிய உணவுத் துணைப்பொருள் சட்டப்படி, இப்படிப்பட்ட மாத்திரைகளை விற்கும் முன் அவை பயன் தருகின்றன என்று அரசிடம் நிரூபித்து அனுமதி வாங்கத் தேவையில்லை. நோயைத் தீர்க்கும் என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். எந்த நோயையும் கண்டறியவோ தீர்க்கவோ தடுக்கவோ இது உரியதல்ல என்ற அறிவிப்பு புட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி இவை உணவு வகையில் சேர்ந்தவை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று உறையில் அச்சிட வேண்டும். ஆனால் மருந்துக்கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் நிற்கின்றன. பெரிய எழுத்தில் தருவதைச் சிறிய எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பிரதி இது. என் அம்மாவின் கண்ணுக்கு எட்டுவது பெரிய எழுத்து மட்டும்.

சொல்லாமல் விட்டது என்ன என்று பார்க்க ஆராய்ச்சிகளின் பக்கம் போனேன். போரான் எலும்புக்கு நல்லது என்ற பேச்சுக்கு வேராக இருப்பது 1987-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் மாதவிடாய் நின்ற பன்னிரண்டு பெண்கள். தினமும் மூன்று மில்லிகிராம் போரான் தந்தபோது அவர்களின் சிறுநீரில் வெளியேறும் கால்சியம் குறைந்தது. சுவாரஸ்யமான தொடக்கம்தான். ஆனால் பன்னிரண்டு பெண்களின் சிறுநீருக்கும் என் அம்மாவின் முழங்காலுக்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது.

மூளைக்கு என்று சொல்லப்படும் செலினியத்தின் கதை இன்னும் கூர்மையானது. செலினியம் மறதிநோயைத் தடுக்குமா என்று ஆராய்ந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2017-இல் வெளியானது. பங்கேற்றவர்கள் 7,540 பேர். அத்தனை பேரும் ஆண்கள். ஏனென்றால் அது ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய சோதனை ஒன்றோடு இணைத்துச் செய்யப்பட்டது. செலினியம் மறதிநோயைத் தடுக்கவில்லை. ஆண்களிடம் சோதித்து, ஆண்களிடமே பலிக்காத ஒன்று, நரைத்த பெண் ஒருத்தியின் படத்தோடு நம்மிடம் வந்து சேர்கிறது.

பெண்களிடமே பெரிய அளவில் சோதித்த ஒன்றும் உண்டு. கால்சியம் நுண் தாது அல்ல, உடலுக்கு அதிக அளவில் வேண்டிய தாது. ஆனாலும் எலும்பு மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் மூத்த அக்கா அதுதான். மாதவிடாய் நின்ற 36,282 அமெரிக்கப் பெண்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2006-இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்குச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கால்சியமும் வைட்டமின் டி-யும் தரப்பட்டன. இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் போலக் கூடியது. இடுப்பெலும்பு முறிவு குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகமானது. மருத்துவர் பரிசோதித்துக் கால்சியம் எழுதிக்கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். அதை நிறுத்தச் சொல்வது என் நோக்கமில்லை. உடலைப் பார்க்காமலேயே எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாத்திரையை நீட்டும் கையைத்தான் கேள்வி கேட்கிறேன்.

அந்தக் கையைப் பிடித்து அழைத்துவரும் சொல் 'குறைபாடு'. அம்மாவின் பேச்சில் அது நுழைந்த நாள் எனக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடந்தது. குதிகாலை ஒரு கருவிக்குள் வைக்கச் சொன்னார்கள். ஒரு சீட்டில் ஏதோ எண்ணை எழுதி, எலும்பில் குறைபாடு என்றார்கள். அடுத்த மேசையிலேயே மாத்திரை விற்றது. முகாமுக்குப் போன பெண்களில் குறைபாடு இல்லாமல் திரும்பியவள் ஒருத்தியும் இல்லை என்று அம்மா சொன்னாள். அதுவரை "முட்டி வலிக்குது", "குனிய முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றுமுதல் "எனக்குக் கொறபாடு இருக்குது" என்று சொல்லத் தொடங்கினாள்.

மாதவிடாய் நிற்பதைக் குறைபாடாகப் பார்க்கும் பார்வைக்கும் வரலாறு இருக்கிறது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்ற நூலில், இது ஹார்மோன் பற்றாக்குறையால் வரும் நோய், மாத்திரையால் தீர்க்கலாம் என்று எழுதினார். ஹார்மோன் மருந்து தயாரித்தவர்களின் பணம் அவருடைய அமைப்புக்குப் போனது பின்னர் தெரியவந்தது. 2002-இல் அங்கே ஹார்மோன் மாத்திரை பற்றிய பெரிய சோதனை ஒன்றைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்து நன்மையை விஞ்சிவிட்டது. மாத்திரை மாறிக்கொண்டே இருக்கிறது, பெண்ணுடலில் ஏதோ பற்றவில்லை என்ற வாக்கியம் மாறவில்லை.

எலும்பு அடர்த்தியை அளக்கும் கோலையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் எலும்புப்புரைக்கு வரையறை தந்தபோது, இளம்பெண்களின் சராசரியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அளவாக வைத்தது. அந்தச் சராசரி இளம் வெள்ளைப் பெண்களிடம் எடுத்தது. சிறிய உடல்கொண்டவர்களுக்கு இந்தக் கருவிகள் காட்டும் எண் இயல்பாகவே குறைவாக இருக்கும். அறுபத்தேழு வயதில், ஐந்தடிகூட இல்லாத, களி தின்று வளர்ந்த உடலை, இருபதுகளில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் உடலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன விடை வரும்? யாரோடு ஒப்பிட்டு இந்தக் குறை என்று கேட்க அம்மாவுக்கு அந்த மண்டபத்தில் இடமிருக்கவில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை. தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம். எங்கள் மண்ணுக்கடியில் இருக்கும் பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதற்கும் மேல். ஃபுளோரைடும் ஒரு நுண் தாதுதான். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குழந்தையாக இருக்கும்போது குடித்தால் பல்லில் காவிக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் படிந்து, தசைநார்கள் சுண்ணாம்பேறி, முதுகும் மூட்டுகளும் இறுகிப்போகும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த எலும்பு நோய் இருப்பதை 1937-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் பெண்களின் பல்லைப் பார்த்தே ஊர்ப் பிள்ளையா, வெளியூரிலிருந்து வந்த மருமகளா என்று சொல்லிவிடலாம். பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவின் பல் இன்றும் வெள்ளை. எனக்குக் காவிப் பல். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று கேட்டு, பார்த்துவிட்டு, பஜ்ஜியை முடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். "பல்லுல கொற இருக்குது" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அண்ணனுக்கும் அதே பல்தான். அவனை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

அம்மாவின் பல்லைத் தொடாத தண்ணீர் அவளுடைய எலும்பைத் தொட்டது. ஐம்பது ஆண்டுகள் அந்தத் தண்ணீரைத்தான் இடுப்பில் சுமந்தாள், அதில்தான் சமைத்தாள், அதைத்தான் குடித்தாள். போன ஆண்டு கழுத்தைத் திருப்ப முடியாமல் போனபிறகு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு திட்டுத்திட்டாக அடர்வெள்ளையில் இருந்தது. அந்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எந்த ஊரு? தண்ணி எங்க எடுக்கறீங்க?" என்று முதலில் கேட்டார். குதிகாலை அளந்தவர்கள் கேட்காத கேள்வி அது.

இங்கே இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். ஃபுளோரைடு எலும்பில் படிவதைக் கண்ட மருத்துவர்கள், அதையே எலும்புப்புரைக்கு மருந்தாக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அமெரிக்காவில் எலும்புப்புரை உள்ள 202 பெண்களை வைத்து நான்கு ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 1990-இல் வெளிவந்தது. ஃபுளோரைடு சாப்பிட்ட பெண்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. எந்த விளம்பரமும் பெருமையோடு போட்டுக்கொள்ளக்கூடிய எண். ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கை, கால், இடுப்பு போன்ற மற்ற எலும்புகளில் முறிவுகள் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைப்போல மூன்று மடங்கு ஆயின. அடர்த்தி வேறு, உறுதி வேறு என்பதை அந்தப் பெண்கள் உடைந்து காட்டினார்கள். அளக்க எளிதாக இருப்பதை வாழ்க்கையின் நலமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகும் போகவில்லை.

அம்மாவின் உடலில் நடந்தது ஒரு நுண் தாது மிகுந்ததால் வந்த கேடு. அதற்கு மருந்தாக ஆறு நுண் தாதுக்களை அவளுக்கு வரவழைத்துக் கொடுத்தவள் நான். புட்டியைச் சாமி அலமாரியில் வைத்த பிறகு வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனைக்குப் போக ஓராண்டு தள்ளிப்போனதற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம்.

உண்மையான பற்றாக்குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்பும் நுண் தாதுதான். மூளைக்கு நுண் தாது என்றால் முதலில் சொல்ல வேண்டியது அயோடின். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் உடலில் அது இருக்க வேண்டும். அதைத் தர மாத்திரைப் புட்டி வேண்டியதில்லை, அயோடின் கலந்த உப்பு போதும். உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த மாநிலம் நம்முடையது. ஆனால் 2018-19-இல் எடுத்த கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் வெயிலில் நின்று வாரிப்போடும் பெண்களின் சமையலுக்கு எந்த உப்பு போகிறது என்பது மூளை நலம் பற்றிய கேள்வி. அதை எந்தப் புட்டியும் கேட்காது.

இந்தப் பற்றாக்குறைகள் பெண்ணுடலுக்குள் தாமாக முளைத்தவையல்ல. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எங்கள் ஊர் கேழ்வரகு ஊர். ஆனாலும் எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவள் அம்மா. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் போட்டபிறகு, எனக்கும் போட்டபிறகு, கீரைச் சட்டியின் அடியில் எது மிச்சமோ அது. அதில் பங்கு வாங்கிச் சாப்பிட்டவள்தான் நானும்.

தமிழில் 'குறை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, இல்லாமை. பிள்ளையில்லாத குறை, சீர் செய்த குறை, பல்லில் குறை என்று பெண்கள்மீது சுமத்துவது இது. மற்றொன்று, முறையீடு. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் வருவது இந்தக் குறை. என் சிறு வயதில் அம்மா மற்ற பெண்களோடு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். தண்ணீர் கேட்டு மனுவில் கைநாட்டு வைத்திருக்கிறாள். அப்படிப் பலர் பல ஆண்டுகள் கேட்டதன் பின்னால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது தொடங்கியபோது காவிரித் தண்ணீர் எங்கள் தெருக் குழாய்க்கும் வந்தது. முதல் பொருளைத் தலையில் சுமந்தவர்களே இரண்டாவது பொருளில் பேசத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

மண்டபத்து முகாமும் அலமாரிப் புட்டியும் சேர்ந்து செய்த வேலை, அம்மாவின் குறையைக் குறைபாடாக மாற்றியது. குறையென்றால் கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்: கலெக்டர், பஞ்சாயத்து, வீட்டிலிருக்கும் ஆண்கள், படித்த மகள். குறைபாடு என்றால் எதிரே யாரும் வேண்டாம், விழுங்கத் தண்ணீர் இருந்தால் போதும். அந்தத் தண்ணீர் எது என்றும் யாரும் கேட்கமாட்டார்கள்.

இதை வாசிக்கும் மாணவிகள் உங்கள் வீட்டு அலமாரியிலும் பாருங்கள். அம்மாவின் புட்டியை எடுத்து, யாரிடம் சோதித்தார்கள், எதை அளந்தார்கள், சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு வலி எங்கே, எப்போதிருந்து, அந்தக் காலத்தில் என்ன வேலை, என்ன தண்ணீர், யார் பரிமாறியது என்று கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்த விடைகளையும் கொண்டுபோங்கள்.

பொங்கலன்று நான் படித்துச் சொன்னதை அம்மா முழுக்கக் கேட்டாள். "அப்ப இது வேண்டாங்கிறியா?" என்றாள். வேண்டாம் என்றேன். "உங்கண்ணன் காசு போட்டு வாங்கியாந்தது" என்று புட்டியை மறுபடி விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. வீட்டில் பெரிய தொட்டி இல்லாததால் இடைப்பட்ட நாட்களில் இன்னமும் அடிபம்புத் தண்ணீர்தான் சமையலுக்கு. அதை இன்னமும் சுமப்பவள் அவள்.

சென்னை திரும்பியதும் அண்ணனுக்கு எழுதினேன். புட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு தொட்டி கட்டி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்போம், பாதி என் பொறுப்பு என்றேன். உடனே சம்மதித்தான். கடைசி வரியில், "சரி, எலும்புக்கு அம்மா என்ன சாப்பிடறது?" என்று கேட்டிருந்தான். நல்ல பிள்ளை, அக்கறையோடுதான் கேட்கிறான். அவனுக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். தொட்டி வேலை வைகாசியில் ஆரம்பம். தெருவுக்குத் தினமும் தண்ணீர் விடக் கேட்டு அம்மா மறுபடி மனு எழுதச் சொல்லியிருக்கிறாள். வருகிற திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு நானும் அவளோடு போகிறேன்.